எல்லா வசதியும் இருந்தும் ஏன் விற்கவில்லை? நல்ல ஸ்மார்ட்போன்கள் தோற்கும் கதை

2014 ஜூலையில், ஒரே வாரத்தில், இரண்டு போன்கள் விற்பனைக்கு வந்தன. இந்தியாவில் ஷாவ்மியின் மி 3. அமெரிக்காவில் அமேசானின் ஃபயர் போன். இரண்டுக்குள்ளும் ஸ்னாப்டிராகன் 800 என்ற ஒரே வகைச் சிப்தான். இரண்டிலும் 2 ஜிபி ரேம், 13 மெகாபிக்சல் கேமரா. ஃபயர் போனில் கூடுதலாக, முன்பக்கத்தின் நான்கு மூலையிலும் நான்கு குட்டிக் கேமராக்கள் இருந்தன. பார்ப்பவர் தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்று அவை கவனிக்கும். அதற்கு ஏற்பத் திரையில் இருக்கும் படம் முப்பரிமாணம் போலத் திரும்பிக் காட்டும்.

மி 3 ஃபிளிப்கார்ட்டில் போடப் போடத் தீர்ந்தது. முதல் விற்பனையில் நிமிடக் கணக்கு, பிறகு வினாடிக் கணக்கு. ஃபயர் போனை வாங்க ஆளில்லை. டெலிபோன் நிறுவனத்தோடு இரண்டு வருட ஒப்பந்தம் போட்டால் 199 டாலர் என்று வந்த போன், ஏழு வாரம் முடிவதற்குள் 99 சென்ட்டுக்கு இறங்கியது. அந்த அக்டோபரில் அமேசான் 17 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. அதில் பெரும்பகுதி இந்த ஒரு போனால் வந்தது. கிடங்கில் 8.3 கோடி டாலருக்குச் சரக்கு தேங்கிக் கிடந்தது. அடுத்த வருடம் தயாரிப்பே நின்றுவிட்டது.

விலைதான் காரணம் என்று முடித்துவிடலாமா? மி 3இன் விலை 13,999 ரூபாய். ஒப்பந்தம் இல்லாமல் வாங்கினால் ஃபயர் போன் 649 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 39,000 ரூபாய். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் 99 சென்ட்டுக்கு இறங்கிய பிறகும் அது எழுந்து நிற்கவில்லையே. அப்போது விலையையும் தாண்டி ஏதோ இருக்கிறது.

இந்த மாதிரி நேரங்களில் இரண்டு பதில்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "மக்களுக்கு டெக்னாலஜி புரியவில்லை" என்பது ஒன்று. "விளம்பரம் சரியில்லை" என்பது இன்னொன்று. முதலாவது வாங்குபவரை முட்டாளாக்குகிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் ஏராளமாக விளம்பரம் செய்யப்பட்ட போன்களும் தோற்றிருக்கின்றன. உண்மையில் நடப்பது என்ன என்பதை அடியிலிருந்து பார்ப்போம். தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வீடு நன்றாக இருக்கிறது, தெரு எப்படி?

ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட ஒரு லே-அவுட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வீடு. தரை முழுக்க மார்பிள், தேக்கு நிலை, மாடுலர் கிச்சன். விலையும் பரவாயில்லை. வீடு பார்க்கப் போகிற அம்மா மார்பிளைத் தடவிப் பார்த்து "நல்லா இருக்கு" என்பார். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? தண்ணீர் நல்ல தண்ணீரா, பஸ் எங்கே நிற்கும், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், ராத்திரி காய்ச்சல் வந்தால் டாக்டர் இருக்கிறாரா. அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட மார்பிள் பதில் சொல்லாது.

போன் பெட்டியின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பட்டியல்தான் ஸ்பெக். ரேம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று அந்தக் கருவியின் அளவுகளைச் சொல்லும் விவரம். அது வீட்டைப் பற்றிய தகவல். தெருவைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

ஃபயர் போனின் தெரு எப்படி இருந்தது? போனை இயக்கும் ஆண்ட்ராய்டு மென்பொருளை எடுத்து, அமேசான் தனக்கு ஏற்றபடி மாற்றி, ஃபயர் ஓஎஸ் என்று பெயர் வைத்திருந்தது. கூகுள் பிளே ஸ்டோர் அதில் கிடையாது. கூகுள் மேப்ஸ், ஜிமெயில், யூடியூப் ஆப்கள் கிடையாது. தினமும் பத்துத் தடவை திறக்கிற மேப்ஸ் இல்லாமல், தலையை ஆட்டினால் படம் ஆடும் வசதியை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார்? 99 சென்ட் என்றாலும் யோசிப்பார்தானே. அதுவும் அதே மாதிரி ஒப்பந்தத்தில் வேறு நல்ல போன்களும் அந்த விலைக்குக் கிடைத்த காலத்தில்.

சந்தை கூடுவது எப்படி?

தெரு எப்படி உருவாகிறது என்பதுதான் இந்த விஷயத்தின் இதயம். அதைப் புரிந்துகொள்ள வாரச்சந்தைதான் சரியான இடம்.

காய்கறிக்காரர் ஏன் இத்தனை தூரம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்? வாங்க ஆள் வரும் என்ற நம்பிக்கை. ஆட்கள் ஏன் வருகிறார்கள்? எல்லாக் கடையும் வரும் என்ற நம்பிக்கை. ஒருவரை நம்பி மற்றவர் வருகிறார். இப்போது பஞ்சாயத்து ஊரின் மறுபக்கம் புதிதாக ஒரு சந்தையைக் கட்டுகிறது என்று வையுங்கள். சிமெண்ட் மேடை, தகரக் கூரை, தண்ணீர்க் குழாய், வண்டி நிறுத்த இடம், எல்லாம் பழைய சந்தையைவிட மேல். முதல் வாரம் நான்கு கடைகள் வருகின்றன. வந்த ஜனம் வெங்காயம் இருக்கிறது, கீரை இல்லை என்று பார்த்துவிட்டுப் பழைய சந்தைக்கே திரும்புகிறது. ஆள் வராததால் அடுத்த வாரம் இரண்டு கடை. கூரையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சந்தை கூடவில்லை.

போனுக்கும் இதே கணக்குதான். ஆண்ட்ராய்டு, ஐபோனில் இருக்கும் ஐஓஎஸ் போல, ஆப்கள் ஓடுவதற்கு அடியில் விரித்திருக்கும் மென்பொருளைத் தளம் என்கிறோம். பேச்சு வழக்கில் பிளாட்ஃபார்ம். ஆப் எழுதுகிறவர்கள் கடைக்காரர்கள். நாம் வாங்க வரும் ஜனம். ஆள் சேரச் சேர ஒரு பொருளின் மதிப்பு கூடுவதையும், ஆள் குறையக் குறைய மதிப்பு இறங்குவதையும் பொருளியலில் நெட்வொர்க் எஃபெக்ட் என்பார்கள். தமிழில் வலைப்பின்னல் விளைவு எனலாம்.

நோக்கியா லூமியாவின் கதை இதற்கு நேரடி உதாரணம். 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் ஸ்மார்ட்போன்களுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் தளத்தைத் தேர்ந்தெடுத்தது. அந்த வருடக் கடைசியில் லூமியா 800 வந்தது. 2012இல் வந்த லூமியா 920இல் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் கேமரா, ஒயர் இல்லாமல் சார்ஜ் ஆகும் வசதி, கையுறை போட்டுக்கொண்டே தொடக்கூடிய திரை எல்லாம் இருந்தன. உழைத்துச் செய்த போன் என்று கையில் எடுத்ததும் தெரியும்.

ஆனால் சந்தையில் கீரைக்காரர் இல்லை. இன்ஸ்டாகிராம் ஐபோனுக்கு 2010இலும் ஆண்ட்ராய்டுக்கு 2012 ஏப்ரலிலும் வந்துவிட்டது. விண்டோஸ் போனுக்கு 2013 நவம்பர் வரை வரவில்லை. ஸ்னாப்சாட் கடைசிவரை வரவே இல்லை. யூடியூப் ஆப்பை 2013 மே மாதம் மைக்ரோசாஃப்டே எழுதி வெளியிட்டது, கூகுள் எதிர்த்தது, ஆகஸ்டில் மறுபடி வெளியிட்டபோது முடக்கியது.

அதே 2013இல் மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் ஒரு திட்டம் போட்டது. ஆப் எழுதித் தருகிறவர்களுக்கு ஒரு ஆப்புக்கு 100 டாலர், அதிகபட்சம் 2,000 டாலர். புதுச் சந்தையில் வந்து உட்காருங்கள், காசு தருகிறோம் என்று கூப்பிடுவது போல. ஆப்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போனது, லட்சங்களைத் தொட்டது. ஆனால் கூலிக்கு வந்து உட்காருகிறவர் ஏதோ ஒரு கூடையைக் கொண்டுவந்து வைப்பார்; ஜனம் தேடி வந்த கீரை அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரமும் வருவார் என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை எழுதி விட்டுவிட்டு அப்டேட்டே பண்ணாத ஆப்கள் அந்த ஸ்டோரில் நிறைய இருந்தன.

உலக அளவில் விண்டோஸ் போனின் பங்கு சில சதவீதத்தைத் தாண்டவே இல்லை. நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. இந்தச் சரிவின் காலத்தில்தான் நம் ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா ஆலையும் போனது. 2006இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த இடம். அவர்களில் இளம்பெண்கள் ஏராளம். வரி வழக்கு காரணமாக அந்த ஆலை மைக்ரோசாஃப்ட் வாங்கிய பட்டியலில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஒரு தளம் தோற்பது என்றால் வரைபடத்தில் ஒரு கோடு இறங்குவது மட்டும் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஸ்பெக் கருவியைப் பற்றிச் சொல்கிறது, தளத்தைப் பற்றிச் சொல்வதில்லை. தளத்துக்கு ஆள் வந்தால்தான் ஆப் வரும், ஆப் வந்தால்தான் ஆள் வரும். இந்தச் சுழலுக்கு வெளியே நிற்கும் போனுக்கு ஸ்பெக் எவ்வளவு இருந்தும் போதாது.

41 மெகாபிக்சல் எங்கே போனது?

சரி, தளம் ஒரு பக்கம் இருக்கட்டும். கேமரா அபாரமாக இருந்தால் அதற்காகவே வாங்க மாட்டார்களா?

2013 ஜூலையில் நோக்கியா அதையும் செய்து பார்த்தது. லூமியா 1020. 41 மெகாபிக்சல் கேமரா. அது வெறும் எண் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஏறக்குறைய ஏழு புள்ளிகளில் பிடித்த வெளிச்சத்தை ஒரே புள்ளியாகச் சேர்த்து, 5 மெகாபிக்சலில் துல்லியமான படமாகத் தரும். எடுத்த பிறகு படத்துக்குள் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். தூரத்தில் நிற்கும் பஸ்ஸின் எண் தெரியும். இன்றும் அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது.

ஆனால் அந்த போனின் திரையைப் பாருங்கள். 1280க்கு 768 புள்ளிகள். பெருக்கினால் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது ஒரு மெகாபிக்சல்கூட இல்லை. அன்றைய ஃபுல் எச்டி திரைக்கே இரண்டு மெகாபிக்சல்தான். 41 மெகாபிக்சலில் எடுத்த படத்தைப் பெரும்பாலானோர் பார்த்தது ஒரு மெகாபிக்சல் ஜன்னல் வழியாக. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது இன்னும் சுருங்கிவிடும். பேரனின் படத்தைத் தன் போனில் திறக்கும் பாட்டிக்கு 41க்கும் 8க்கும் வித்தியாசம் தெரிய வழியே இல்லை. அத்தோடு, ஒரு படம் எடுத்து அடுத்ததற்குத் தயாராக அந்த போன் சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். ஓடும் குழந்தையைப் படம் பிடிக்கிற அப்பாவுக்கு அந்த வினாடிகள் ரொம்ப நன்றாகத் தெரியும்.

பதினோராம் வகுப்புப் பொருளியலில் இதற்கு ஒரு விதி உண்டு: குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. பெயர்தான் நீளம், விஷயம் எளிது. வெயிலில் வந்தவருக்கு முதல் சொம்பு மோர் அமிர்தம், இரண்டாவது நன்றாக இருக்கும், நான்காவதைக் கையால் தள்ளிவிடுவார். மோர் மாறவில்லை, தாகம் தீர்ந்துவிட்டது. 2 மெகாபிக்சலிலிருந்து 8க்குப் போனபோது எல்லோருக்கும் தாகம் தீர்ந்தது. 8லிருந்து 41க்குப் போனபோது தாகத்தோடு இருந்தவர்கள் படம் எடுப்பதையே உயிராகக் கொண்டவர்கள். அவர்கள் அந்த போனைக் கொண்டாடினார்கள். எண்ணிக்கையில் அவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று. விண்டோஸ் போன்களிலேயே அதிகம் விற்றது எது தெரியுமா? லூமியா 520. ஃபிளாஷ் கிடையாது. முன்பக்கக் கேமரா கிடையாது. ரேம் வெறும் 512 எம்பி. இந்தியாவில் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய். அந்த விலைக்கு அன்று கிடைத்த ஆண்ட்ராய்டு போன்கள் திக்கித் திணறின. இது வழுக்கிக்கொண்டு ஓடியது. எது உண்மையில் எரிச்சலாக இருந்ததோ அதை அது தீர்த்தது.

மாறுவதற்கும் ஒரு செலவு

வாடகை ஆயிரம் ரூபாய் குறையும் என்பதற்காக மட்டும் வீடு மாறுவோமா? வண்டி பிடிக்க வேண்டும், அட்வான்ஸ் புரட்ட வேண்டும், கேஸ் முகவரி மாற்ற வேண்டும், பிள்ளைக்கு வேன் பார்க்க வேண்டும். பொருளின் விலைக்கு மேலே, பழையதை விட்டுப் புதியதற்குப் போக ஆகும் இந்தப் பணமும் நேரமும் சிரமமும் சேர்ந்ததை மாறுசெலவு என்கிறோம்.

போனில் அது இன்னும் கூடுதல். எண்கள், படங்கள், ஐந்து வருடத்து வாட்ஸ்அப் பேச்சு, காசு கொடுத்து வாங்கிய ஆப்கள், விரல்களுக்குப் பழகிப்போன இடங்கள். இதையெல்லாம் விட்டு வா என்று கூப்பிடும் நிறுவனம் குறைந்தபட்சம் நாளைக்கும் அங்கே இருப்பேன் என்று நம்ப வைக்க வேண்டும். லூமியா 900 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2012 ஏப்ரலில். ஜூன் மாதமே அடுத்த தலைமுறையான விண்டோஸ் போன் 8ஐ அறிவித்தார்கள். ஏற்கெனவே விற்ற போன்களுக்கு அது வராது என்றும் சொன்னார்கள். முதலில் நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது. எல்ஜி 2016இல் ஜி5 என்று ஒரு போன் கொண்டுவந்தது. அடிப்பாகத்தைக் கழற்றி வேறு கேமரா பிடி, ஆடியோ பாகம் என்று மாட்டிக்கொள்ளலாம். அடுத்த வருடம் வந்த ஜி6இல் அந்த அமைப்பையே கைவிட்டார்கள். பாகங்களைக் காசு கொடுத்து வாங்கியவர் அடுத்த தடவை யோசிக்காமல் வாங்குவாரா? 2021 ஏப்ரலில் எல்ஜி போன் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது.

அதாவது, வாங்குபவர் இரண்டு போன்களை மட்டும் ஒப்பிடுவதில்லை. புது போனின் நன்மையிலிருந்து மாறுகிற சிரமத்தையும், நாளைக்குக் கைவிடப்படும் பயத்தையும் கழித்துப் பார்க்கிறார். மீதி இருந்தால் வாங்குகிறார்.

கவர் தொங்கும் சுவர்

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கதையாகத் தெரியலாம். ஒரு சின்ன ஊர் மொபைல் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே கண்ணால் பார்க்கலாம். நண்பரின் கடையில் நான் பார்த்தது இது. ஒரு பெண் தன் அப்பாவுக்காக போன் எடுக்க வந்திருந்தார். கையில் இருந்த மாடல் அந்த விலைக்கு நிஜமாகவே நல்ல மாடல். பேட்டரி, திரை, எல்லாம் பக்கத்தில் இருந்ததைவிட ஒரு படி மேல்.

"அண்ணா, இதுக்கு பேக் கவர் இருக்கா?"

"இந்த மாடலுக்கு ஆர்டர் போட்டுத்தான் எடுக்கணும்மா. ஒரு வாரம் ஆகும்."

"டிஸ்ப்ளே உடைஞ்சா? அப்பா ரெண்டு தடவை கீழ போட்டுருவாரு."

"சர்வீஸ் இங்க இல்ல. மெட்ராஸுக்கு அனுப்பணும்."

அவர் அதைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு மற்றதைக் காட்டச் சொன்னார். நண்பருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கொக்கிகளில் கவர்கள் தொங்கின. ஐந்தாறு மாடல்களுக்கு வரிசை வரிசையாக, நிறம் நிறமாக. மீதி மாடல்களுக்கு ஒன்றிரண்டு, அல்லது ஒன்றும் இல்லை. அதிகம் விற்கிற போனுக்குத்தான் கவர் வாங்கிப் போடுவார்கள். கவர் கிடைக்கிற போன்தான் அதிகம் விற்கும். வாரச்சந்தை இங்கேயும் கூடுகிறது. அந்தப் பெண்ணுக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். போன் வாங்குவதில் எதைக் கேட்க வேண்டுமோ அதைத்தான் அவர் கேட்டார்.

ஒரே போன், இரண்டு நாடு

தெருதான் முக்கியம் என்பதை நிரூபிக்க, கருவியை மாற்றாமல் தெருவை மட்டும் மாற்றிப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்? கிட்டத்தட்ட அப்படியே ஒன்று நடந்தது.

2019 மே மாதம் அமெரிக்க அரசு சீன நிறுவனமான ஹுவாவேயை வர்த்தகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதனால் செப்டம்பரில் வந்த மேட் 30 வரிசைப் போன்களில் கூகுள் சேவைகள் இல்லை. கேமராவுக்கும் சிப்புக்கும் பாராட்டு கிடைத்தது. ஐரோப்பாவில் வாங்க யோசித்தார்கள். சீனாவிலோ கூகுள் சேவைகள் முன்பிருந்தே கிடையாது. அங்கே வாட்ஸ்அப் போன்ற வீசாட் உண்டு, உள்ளூர் ஆப் ஸ்டோர்கள் உண்டு. எதுவும் குறைந்ததாகவே யாருக்கும் தோன்றவில்லை. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்று மாதத்தில் உலகிலேயே அதிக ஸ்மார்ட்போன் அனுப்பிய நிறுவனம் ஹுவாவே என்று கேனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. அந்தப் போன்களில் 70 சதவீதத்துக்கு மேல் சீனாவுக்குள்ளேயே விற்றவை. வெளிநாட்டு விற்பனை இறங்கியிருந்தது. கொரோனாவிலிருந்து சீனா முதலில் மீண்டதும் இதற்கு உதவியது, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் ஒரே ஸ்பெக் ஒரு நாட்டில் ஜெயித்து இன்னொரு நாட்டில் நொண்டியதற்கு ஸ்பெக்கிலேயே காரணம் தேடினால் கிடைக்காது.

அப்போது ஸ்பெக்குக்கு மதிப்பே இல்லையா?

உண்டு, நிறைய உண்டு. அது எப்போது பேசும் என்பதுதான் கேள்வி. ஒரே தெருவில் பத்து வீடு விலைக்கு இருந்தால் அப்போது மார்பிள்தான் தீர்மானிக்கும். தண்ணீரும் பஸ்ஸும் எல்லா வீட்டுக்கும் பொதுவாகிவிட்டன. ஆண்ட்ராய்டு போன்களுக்குள் நடக்கும் போட்டி அப்படிப்பட்டது. அங்கே ரேம், பேட்டரி, விலை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முழுக்க நியாயம்.

2014 ஜூலைக்குத் திரும்பிப் போவோம். ஷாவ்மி என்ற பெயரை அன்று இந்தியாவில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஆனால் மி 3 வந்த தெரு எல்லோரும் ஏற்கெனவே குடியிருந்த தெரு. பெட்டியைப் பிரித்து, சிம் போட்டு, பழைய ஜிமெயில் முகவரியை அடித்தால் எண்கள் எல்லாம் இறங்கிவிடும். பிளே ஸ்டோரில் வாட்ஸ்அப் இருந்தது, மேப்ஸ் இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குள் அது பழைய போன் மாதிரியே பழகிப்போயிருக்கும், வேகம் மட்டும் கூடுதலாக. அந்த வேகத்துக்குத்தான் 13,999 ரூபாய் கொடுத்தார்கள். அதே சிப் இருந்த ஃபயர் போனில் அந்த வேகம் போய்ச் சேர ஒரு கூகுள் மேப்ஸ்கூட இல்லை.